பந்தலைப் பிரிப்பது யார்?

கணினிக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: வி.எம்., அதாவது வர்ச்சுவல் மெஷின். ஒரு பெரிய கணினிக்குள் மென்பொருளால் சுவர் எழுப்பி, பல கணினிகளைக் குடிவைக்கும் ஏற்பாடு அது. தெரிந்தவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகலாம். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சர்வர் அறையைக் கட்டி மேய்ப்பவர்களில் நம் பிள்ளைகள் இத்தனை பேரா என்று எனக்கே ஆச்சரியம். இன்னொன்று, மூன்று பேர் "ஐயா" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அக்கா.

பாயான் லெப்பாஸ் வாசகர்: எங்கள் தொழிற்சாலையில் வி.எம்.வேர் நிறுவனத்தின் ஏரியா ஆட்டோமேஷன் என்ற மென்பொருள் இருக்கிறது. புரோகிராமர் ஒரு படிவத்தை நிரப்பினால் இருபது நிமிடத்தில் வி.எம். தயார். ஆனால் பெயர் வைப்பது, டி.என்.எஸ்.ஸில் (எந்தப் பெயருக்கு எந்த நெட்வொர்க் முகவரி என்ற பட்டியல்) பதிவது, கண்காணிப்பில் சேர்ப்பது எல்லாம் இன்னும் என் கைவேலை. இவற்றை ஒர்க்ஃப்ளோ, அதாவது படிப்படியாகத் தானே ஓடும் வேலை வரிசை, ஆக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஸ்கிரிப்டில் போட்டுக் கடைசியில் ஓட விட்டால் போதாதா?

போதாது தம்பி. பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போன பிறகு பெயரை மாற்றுவது போல ஆகிவிடும். பிறந்த சூரா (பிறப்புச் சான்றிதழ்) முதல் மதிப்பெண் அட்டை வரை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும் அல்லவா? வி.எம்.முக்கும் அதே கதைதான். இயந்திரத்துக்கு உள்ளே ஒரு பெயர், ஆக்டிவ் டைரக்டரியில் (அலுவலகக் கணினிகளையும் ஆட்களையும் பதிந்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் பட்டியல்) ஒரு பெயர், சான்றிதழில் ஒன்று, பேக்கப் பட்டியலில் ஒன்று. பிறகு மாற்றினால் எங்காவது ஓரிடத்தில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

ஒரு வி.எம். தன் ஆயுளில் சில வாசல்களைத் தாண்டிப் போகிறது. முதலில் இடம் ஒதுக்குவது, அப்புறம் உருவாக்குவது, உருவாக்கி முடிப்பது. கடைசியில் நீக்கப் போவது, நீக்கி முடித்தது. ஏரியா ஆட்டோமேஷன் ஒவ்வொரு வாசலிலும் ஒரு சேதியை விடும். "இந்தச் சேதி வந்தால் என் ஒர்க்ஃப்ளோவை ஓட்டு" என்று நீங்கள் முன்பே பதிந்து வைத்தால் போதும். இதற்குத்தான் சந்தா என்று பெயர், காசு கட்டுவது அல்ல. அது ஆர்கெஸ்ட்ரேட்டர் என்ற கருவியில் எழுதிய ஒர்க்ஃப்ளோவாக இருக்கலாம், பைதான் மொழியில் எழுதிய சின்ன ஆக்‌ஷனாகவும் இருக்கலாம்.

பெயர் வைப்பதற்குச் சரியான வாசல் 'கம்ப்யூட் அலோகேஷன்'. அந்த நேரத்தில் வி.எம். இன்னும் பிறக்கவே இல்லை. நீங்கள் கொடுக்கும் பெயரோடுதான் பிறக்கும். விண்டோஸ் இயந்திரம் என்றால் பெயர் 15 எழுத்தைத் தாண்டக் கூடாது என்பதையும் அங்கேயே சோதித்துவிடுங்கள். இந்தச் சந்தாவைக் கட்டாயம் 'பிளாக்கிங்' ஆக வையுங்கள். அதாவது உங்கள் ஒர்க்ஃப்ளோ பதில் சொல்லும் வரை மற்ற வேலை எல்லாம் வாசலில் நிற்கும். டி.என்.எஸ். பதிவதற்கு 'போஸ்ட் ப்ரொவிஷன்' வாசல் வசதி. ஐ.பி., அதாவது வி.எம்.மின் நெட்வொர்க் முகவரி, அப்போது உறுதியாகிவிடும். கண்காணிப்பில் சேர்ப்பதும் அங்கேதான், ஆனால் அதற்குக் காத்திருக்க வேண்டாம். கல்யாண வீட்டில் போட்டோக்காரர் வரத் தாமதமானால் தாலி கட்டு நிற்காது, ஐயர் வராவிட்டால் நிற்கும். எது ஐயர், எது போட்டோக்காரர் என்று பிரித்துக்கொண்டால் பிளாக்கிங் குழப்பம் பாதி தீர்ந்தது.

நான் தலையில் குட்டு வாங்கியது பெயரோடு சேர்க்கும் வரிசை எண்ணில். கடைசியாகக் கொடுத்த எண்ணைப் பார்த்து ஒன்றைக் கூட்டு என்று எழுதியிருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரண்டு புரோகிராமர்கள் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்த, இரண்டு வி.எம்.முக்கும் 041. இரண்டுமே ஆக்டிவ் டைரக்டரியில் ஒரே பெயரில் சேரப் போனதும் முதலாவது வெளியே தள்ளப்பட்டது. ஆர்கெஸ்ட்ரேட்டரில் பூட்டுப் போடும் வசதி உண்டு. எண்ணைப் படிப்பதற்கு முன் பூட்டி, எழுதிய பிறகு திறவுங்கள். ஒர்க்ஃப்ளோ நடுவில் விழுந்தாலும் பூட்டு திறக்கிறதா என்று பாருங்கள். அதையும் நான் பார்க்கவில்லை, அது வேறு கதை.

இதெல்லாம் கட்டும் பக்கம். நீங்கள் கேட்காத பக்கத்துக்கு இப்போது வருகிறேன். உங்கள் கடிதத்தில் வி.எம். போகும்போது என்ன நடக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு வரும் எந்தக் கடிதத்திலும் இருப்பதில்லை.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் வழியில் எங்கள் ஆட்கள் ஒரு தண்ணீர்ப்பந்தல் போடுவார்கள். அதற்கு அப்பாதான் கணக்குப்பிள்ளை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு 555 நோட்டு, மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்தச் சின்ன நோட்டு. இடப்பக்கம் வந்த சாமான்: கோயில் அண்டா 4, வாடகை மேசை 12, கேஸ் சிலிண்டர் 2, பக்கத்துக் கடையிலிருந்து இழுத்த கரண்ட் ஒயர். எழுதும்போதே நேர் எதிரே வலப்பக்கத்தில் கோடு போட்டுக் காலி இடம் விடுவார். தேர் திரும்பிப் போய் எல்லோரும் வீட்டில் அசந்து தூங்கும் நாளில்தான் அந்த வலப்பக்கம் நிரம்பும், கீழிருந்து மேலாக. கடைசியாக வந்தது முதலில் போகும். ஒரு வரி காலியாக இருந்தாலும் அப்பா பசியாறக்கூட வீட்டுக்கு வர மாட்டார்.

நான் ஒர்க்ஃப்ளோ எழுதுவதும் அப்படித்தான். கட்டும் பக்கத்தில் ஒரு படி சேர்த்தால், அன்றைக்கே பிரிக்கும் பக்கத்தில் அதற்கு ஜோடிப் படி. பதிவு, பதிவு நீக்கம். உரிமம் எடுத்தது, உரிமம் கொடுத்தது. ஜோடி இல்லாத படியை எங்கள் குழுவில் ஏற்றுக்கொள்வதே இல்லை. இதில் இன்னொரு லாபம், கட்டும்போது பாதியில் உடைந்தாலும் அதே ஜோடிப் படிகளை வைத்துத் துடைத்துவிடலாம். வி.எம். பிறக்கவில்லை, ஆனால் அதற்கு ஒதுக்கிய ஐ.பி. மட்டும் அனாதையாகக் கிடக்கிறது என்ற நிலை வராது.

வரிசை மிக முக்கியம். டி.என்.எஸ். பெயரை முதலில் எடுங்கள், ஐ.பி.யைக் கடைசியில் விடுங்கள். ஒரு வேலையிடத்தில் இதை மாற்றிச் செய்திருந்தார்கள். ஐ.பி. உடனே விடுபட்டது, டி.என்.எஸ். நீக்கம் தோற்றுப்போய்ப் பதிவு அப்படியே நின்றது. அந்த ஐ.பி. அடுத்துப் பிறந்த வி.எம்.முக்குப் போனது. அது கேன்டீன் சாப்பாட்டுப் பட்டியல் காட்டும் இயந்திரம். ஸ்டோர்க்காரர்கள் பழைய இணைப்பை அழுத்தினால் உதிரிப் பாகங்களின் இருப்புக்குப் பதிலாக நாசி லெமாக் விலை வந்தது. சிரித்துவிட்டு விட்டார்கள். அந்த இடத்தில் கடவுச்சொல் கேட்கும் பக்கம் ஒன்று இருந்திருந்தால் சிரித்திருக்க முடியாது.

ஆக, 'கம்ப்யூட் ரிமூவல்' வாசலில், வி.எம். உயிரோடு இருக்கும்போதே, அதன் விவரங்களைப் படித்து பேக்கப், உரிமம், டைரக்டரி கணக்கு, டி.என்.எஸ். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். நீக்கி முடித்த வாசலில் ஐ.பி.யை விடுங்கள். ஒரே படி இரண்டு முறை ஓடினாலும் கெடுதல் வராதபடி எழுதுங்கள். "இல்லாததை எப்படி நீக்குவது" என்று ஒர்க்ஃப்ளோ கோபித்துக்கொண்டு நிற்கக் கூடாது. இல்லையா, சரி, அடுத்ததுக்குப் போ என்று போக வேண்டும்.

ஜார்ஜ் டவுன் கல்லூரி மாணவி: இறுதியாண்டு புராஜெக்டுக்கு உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) வி.எம். ஒன்றைத் தயார் செய்து, அதிலிருந்து நான்கு நகல் எடுத்தேன். நான்குக்கும் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வேறு வேறு. ஆனாலும் ஒரே ஐ.பி.யைக் கேட்டுச் சண்டை போடுகின்றன. ஏன்?

நகல் எடுத்தபோது அடையாள அட்டையையும் சேர்த்து நகல் எடுத்துவிட்டீர்கள். லினக்ஸில் 'மெஷின்-ஐடி' என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது, 32 எழுத்து நீளம். உபுண்டு 18.04-லிருந்து, சர்வர் பதிப்பு டி.எச்.சி.பி.யிடம் (ஐ.பி. முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் சேவை) ஐ.பி. கேட்கும்போது மேக் முகவரியைக் காட்டாமல், இந்த ஐடியிலிருந்து பிறந்த அடையாளத்தைக் காட்டுகிறது. நான்கு பேரும் ஒரே அட்டையை நீட்டினால் கவுன்டரில் இருப்பவர் ஒரே ஆள் என்றுதான் நினைப்பார். இது தெரியாமல் நான் அரை நாள் சுவிட்சின் பின்னால் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தேன்.

மூல வி.எம்.மை அணைப்பதற்கு முன் அந்தக் கோப்பைக் காலியாக்குங்கள். நீக்க வேண்டாம், உள்ளே இருப்பதை மட்டும் துடையுங்கள். அடுத்த முறை எழும்போது புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும். தூரத்திலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்.எஸ்.எச்.சின் ஹோஸ்ட் சாவிகளையும் அழித்துவிடுங்கள், நான்கு வீட்டுக்கும் ஒரே சாவி நல்லதல்ல. வி.எம். முதல் முறை எழும்போது அமைப்பு வேலைகளைச் செய்யும் கிளவுட்-இனிட் இருந்தால் அதன் 'கிளீன்' கட்டளையையும் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் "நான்தான் ஏற்கெனவே முதல் நாள் வேலையை முடித்துவிட்டேனே" என்று நகல் சும்மா உட்கார்ந்திருக்க வாய்ப்பு உண்டு. விண்டோஸில் இதே வேலைக்கு சிஸ்பிரெப் என்ற கருவி. மூன்றையும் ஒரு ஒர்க்ஃப்ளோவாக எழுதி, மூல வி.எம். டெம்ப்ளேட் (நகல் எடுப்பதற்கான அச்சு) ஆகும் கட்டத்தில் தானாக ஓடும்படி வைத்துவிடுங்கள். புராஜெக்ட் அறிக்கையில் ஒரு அத்தியாயமும் தேறும்.

பட்டர்வொர்த் வாசகர்: யாரும் தொடாத வி.எம்.கள் எங்களிடம் நிறையச் சேர்ந்துவிட்டன. தானாக நீக்கும் ஒர்க்ஃப்ளோ எழுதினேன். மேலாளர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

உங்கள் மேலாளர் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. நானும் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவள்.

முன்பு வேலை செய்த இடத்தில் ஒரு ஒர்க்ஃப்ளோ எழுதினேன். 30 நாள் சி.பி.யூ. 2 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் உரிமையாளருக்கு மின்னஞ்சல். பதில் இல்லாவிட்டால் அணைப்பு. அதற்கு 7 நாள் கழித்து நீக்கம். பார்க்க அழகாக இருந்தது, கைதட்டலும் கிடைத்தது. அதில் போனது ஒரு வி.எம். அதை உருவாக்கியவர் வேலையை விட்டுப் போய் எட்டு மாதம். மின்னஞ்சல் யாரும் திறக்காத பெட்டிக்குப் போயிருக்கிறது. அந்த இயந்திரம் செய்த வேலை இதுதான்: விற்பனை, சேவை வரிக் (எஸ்.எஸ்.டி.) கணக்கைத் தொகுப்பது. நம் நாட்டில் 2018 செப்டம்பரில் எஸ்.எஸ்.டி. வந்ததிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல். ஆக இரண்டு மாதம் தூங்கி ஒரு நாள் எழும் இயந்திரத்தை, 30 நாள் பார்த்துவிட்டு "செத்துப்போச்சு" என்று நான் சொல்லியிருக்கிறேன். கணக்குப் பிரிவு அக்கா போன் செய்தபோது மாலை ஐந்தரை. பேக்கப்பில் இன்னும் இருந்தது என் அதிர்ஷ்டம். மீட்டு முடித்து, இரவு இரண்டு மணிக்கு மாமாக் கடையில் மீ கோரேங் சாப்பிட்டபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு மாற்றியவற்றைச் சொல்கிறேன், மேலாளரிடம் காட்டுங்கள். சி.பி.யூ.வை வைத்துத் தீர்ப்புச் சொல்வதை விட்டேன். ஒவ்வொரு வி.எம்.முக்கும் பிறக்கும்போதே தவணை. ஏரியா ஆட்டோமேஷனில் இதற்கு 'லீஸ் பாலிசி' இருக்கிறது. தவணை முடிந்தால் அணையும், நீங்கள் குறித்த கூடுதல் நாள்கள் கழிந்த பிறகே நீங்கும். உரிமையாளர் என்று ஒருவர் பெயரை வைக்காமல் ஒரு பிரிவின் பெயரை வைத்தேன், ஆள் போனாலும் பிரிவு இருக்கும். ஆள் வேலையை விடும்போது மனிதவளப் பிரிவு நிரப்பும் படிவத்தில் "இவருடைய வி.எம்.கள் யாருக்கு?" என்று ஒரு கட்டம் சேர்த்தோம். தொழில்நுட்பமே இல்லாத இந்த ஒரு கட்டம்தான் எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது.

அணைத்து வைக்கும் காலத்தை 7 நாளிலிருந்து 70 நாளாக்கினேன். அணைந்த வி.எம். சி.பி.யூ.வும் மெமரியும் தின்னாது, வட்டில் இடம் மட்டும் அடைக்கும். அதை மலிவான சேமிப்புக்கு மாற்றிவிடுவதும் ஒர்க்ஃப்ளோவில் ஒரு படி. எங்கள் தொழிலில் இதை 'ஸ்க்ரீம் டெஸ்ட்' என்பார்கள். நிறுத்திவிட்டு யார் கத்துகிறார்கள் என்று பார்ப்பது. கத்துகிறவருக்குப் போதிய அவகாசம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆண்டுக்கு ஒருமுறை கத்துகிறவர்களும் உண்டு. பிப்ரவரி முடிவதற்குள் ஊழியர்களுக்கு இ.ஏ. படிவம் (ஆண்டுச் சம்பளக் கணக்கு) கொடுக்கும் சம்பள இயந்திரம் 70 நாளில் வாய் திறக்காது. அந்த மாதிரியானவற்றுக்குத் தனிக் குறிச்சொல், ஒர்க்ஃப்ளோ அவற்றைத் தொடாது, ஆளைத்தான் கேட்கும்.

நீக்குவதற்கு முன் ஒரு கேள்வி சட்டப் பக்கமும் கேட்க வேண்டும். வருமான வரிக்கான பதிவேடுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010 நேர் எதிராக, தேவை முடிந்த தகவலை வைத்திருக்காதே என்கிறது. ஆகவே "எதற்கும் இருக்கட்டும்" என்று எல்லாவற்றையும் சேர்த்து வைப்பதும் பாதுகாப்பான வழி அல்ல. உங்கள் மேலாளர் இந்த இடத்தில்தான் கையெழுத்துப் போடுவார் என்று நினைக்கிறேன்.

செந்தூல், கோலாலம்பூர் வாசகர்: சின்ன அலுவலகம், மொத்தமே ஆறு வி.எம். வி.எம்.வேர் சந்தா கட்டுப்படியாகாததால், வி.எம்.களை ஓட்டும் இன்னொரு மென்பொருளான புரோக்ஸ்மாக்ஸுக்கு மாறினோம். மேலே சொன்ன மாதிரி பெரிய ஏற்பாடு எங்களுக்கும் வேண்டுமா?

வேண்டாம். பிராட்காம் 2023 நவம்பரில் வி.எம்.வேரை வாங்கி, அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தியதிலிருந்து உங்களைப் போல மாறியவர்கள் பலர். ஆறு வி.எம்.முக்குப் புரோக்ஸ்மாக்ஸின் 'ஹுக்ஸ்கிரிப்ட்' போதும். ஒரே ஸ்கிரிப்ட்டை நான்கு தருணங்களில் கூப்பிடும்: தொடங்கும் முன், தொடங்கிய பின், நிறுத்தும் முன், நிறுத்திய பின். தொடங்கும் முன் ஓடுவது பிழையோடு முடிந்தால் வி.எம். எழாது. சேமிப்பு வட்டு இணைந்திருக்கிறதா என்று பார்க்க நல்ல இடம்.

ஒரு பள்ளம் இருக்கிறது, பார்த்துப் போங்கள். 'நிறுத்தும் முன்' என்ற தருணம், நீங்கள் புரோக்ஸ்மாக்ஸ் வழியாக நிறுத்தினால்தான் வரும். யாராவது வி.எம்.முக்கு உள்ளே போய் 'பவர் ஆஃப்' கொடுத்தால் வராது. 'நிறுத்திய பின்' மட்டும்தான் வரும். கட்டாயம் நடக்க வேண்டிய துடைப்பு வேலையைப் பின்னதில் வையுங்கள். லினக்ஸில் வி.எம்.களை நிர்வகிக்கும் லிப்விர்ட்டை மட்டும் பயன்படுத்தும் நண்பர்களுக்கு இன்னொன்று: அதன் ஹுக் ஸ்கிரிப்டுக்குள்ளிருந்து திரும்ப லிப்விர்ட்டையே கூப்பிடாதீர்கள். அது உங்களுக்காகவும் நீங்கள் அதற்காகவும் காத்திருந்து விடிந்துவிடும்.

பங்சார் வாசகி: அமேசான் கிளவுடில், கூட்டம் குறைந்ததும் ஆட்டோ ஸ்கேலிங் (தேவைக்கேற்ப இயந்திரங்களைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இயந்திரங்களை அழித்துவிடுகிறது. அவற்றோடு லாகுகளும், அதாவது என்ன நடந்தது என்ற பதிவுகளும், போய்விடுகின்றன. காப்பாற்ற முடியுமா?

முடியும். 'லைஃப்சைக்கிள் ஹுக்' போடுங்கள். இயந்திரம் சாவதற்கு முன் 'டெர்மினேட்டிங் வெயிட்' என்ற நிலையில் நிற்கும். நீங்கள் எதுவும் மாற்றாவிட்டால் ஒரு மணி நேரம் வரை. அதற்குள் லாகுகளை அமேசானின் சேமிப்புக் கிடங்கான எஸ்3-க்கு ஏற்றிவிட்டு "முடிந்தது" என்று சேதி சொல்லுங்கள். சொல்ல மறந்தால் ஒவ்வொரு இயந்திரமும் ஒரு மணி நேரம் சும்மா நின்று காசைத் தின்னும். 2024 ஆகஸ்டில் அமேசானின் மலேசிய ரீஜன் (உள்ளூர் தரவு மையங்கள்) திறந்த பிறகு நம் ஊரிலேயே இயந்திரம் ஓடுகிறது என்று பெருமைப்படுகிறோம், பில் மட்டும் வழக்கம்போல் வரும். ஆனால் லாகை இயந்திரத்துக்குள் வைப்பதே பழைய பழக்கம். எழுதும்போதே வெளியே அனுப்பிவிட்டால் கடைசி நேர ஓட்டம் பெரும்பாலும் தேவைப்படாது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஆயர் ஈத்தாம்: 'ஒர்க்ஃப்ளோ'வுக்குத் தமிழில் என்ன?

'பணிப்பாய்வு' என்று எழுதுகிறார்கள். வகுப்பில் தாராளமாகச் சொல்லுங்கள். சர்வர் அறையில் நடு இரவில் நாங்கள் சொல்லும் சொற்கள் பத்திரிகைக்கு ஆகாது.

புக்கிட் மெர்தாஜாம் வாசகர்: இதையெல்லாம் வீட்டில் பழகிப் பார்க்க என்ன வேண்டும்?

16 ஜிபி மெமரி உள்ள பழைய கணினி ஒன்று, இலவசமாக இறக்கிக்கொள்ளும் புரோக்ஸ்மாக்ஸ். முதல் பயிற்சியை நானே தருகிறேன். இரவு 11 மணிக்குத் தானாக அழிந்து, காலை 7 மணிக்கு அதே பெயரில், அதே வேலையோடு மறுபடி பிறக்கும் ஒரு வி.எம். எழுதுங்கள். ஒரு வாரம் ஓட விடுங்கள். எட்டாவது நாள் காலையில் டி.என்.எஸ்., டி.எச்.சி.பி., பேக்கப் கோப்புறை மூன்றையும் திறந்து, நீங்கள் துடைக்க மறந்தது என்னென்ன என்று ஒரு 555 நோட்டில் எழுதுங்கள். வலப்பக்கத்தில் எத்தனை வரி காலியாக இருக்கிறது என்று எனக்குக் கடிதம் போடுங்கள்.